வியர்வை துடைக்க இரண்டு நிமிடம்

ஓசூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள கேரல் அக்காவுக்கு,

டேவிஸ் எழுதுகிறேன். என் உடம்புக்குக் குறையில்லை. அம்மாவின் முழங்கால் வலியும் அப்பாவின் கோபமும் எப்படி இருக்கின்றன? இரண்டில் ஒன்றாவது குறைந்திருந்தால் சந்தோஷம்.

போன் இருக்கும்போது இவன் ஏன் தாளில் எழுதுகிறான் என்று சிரித்திருப்பாய். இங்கே ஹாஸ்டலில் சேர வேண்டுமென்றால் கம்பெனியின் ஆப்பைப் போனில் ஏற்றியாக வேண்டும். வருகை, மெஸ் டோக்கன், சம்பளச் சீட்டு எல்லாம் அதில்தான். மைக், கேமரா, நாம் இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். கொடுக்காதவனுக்குச் சோறு கிடையாது. அது ஒட்டுக் கேட்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்காது என்று சொல்லவும் இங்கே ஆள் இல்லை. அதனால் போனில் 'சாப்பிட்டேன், தூங்கினேன்' மட்டும். மற்றது எல்லாம் தாளில்.

லாரிக்கு பிரேக் டிரம் வார்க்கும் ஃபவுண்டரி இது. நான் ஊற்றும் பகுதியில் காண்ட்ராக்ட் ஆள். லேடில் என்று ஒரு இரும்புச் சட்டி, அதற்கு இரண்டு பக்கமும் நீளமான பிடி. முன்னால் ஜடையன், பின்னால் நான், நடுவில் உருகிய இரும்பு. ஜடையன் ஹனூர்க்காரர், ஐம்பதை நெருங்குகிறார். அவர் மனைவி மாதேஸ்வரன் மலையில் கடை வைத்திருக்கிறார். முதல் நாள் என்னிடம் சொன்னார்: "ஏப்பா மைசூரு, எங்கூட்டுக்காரி மோர் ஊத்தற மாதிரி ஊத்தோணும். நீ ஆடுனீன்னா எனக்குச் சூடு. நா ஆடுனா உனக்குச் சூடு. அதனால ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கக் கூடாது."

புது வருடத்திலிருந்து எங்கள் எல்லோர் கையிலும் வாட்ச் மாதிரி ஒரு கறுப்புப் பேண்ட். நெஞ்சுத் துடிப்பு, தோலின் சூடு, எல்லாம் எடுக்குமாம். காலையில் சூப்பர்வைசர் கணேசன் வாசலில் நின்று கட்டிவிடுகிறான். ஷிப்ட் முடியும் முன் கழற்றினால் அலறும். ஆனால் வியர்வை தேங்கினால் அதற்குக் கண் தெரியாது. அதனால் மணிக்கு ஒரு தடவை கழற்றி, துடைத்து, கட்டிக்கொள்ள இரண்டு நிமிடம் உண்டு. கம்பெனி எங்களுக்குத் தரும் ஒரே ஓய்வு அதுதான். அதுவும் பேண்டுக்காக. பர்மனெண்ட் ஆட்களுக்குப் பேண்ட் கிடையாது. அவர்களுக்கு நெஞ்சு இருக்கிறதா என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை போலும்.

பேண்டின் பின்பக்கம் ஹெப்பாள், மைசூரு என்று போட்டிருக்கிறது. உன் ஆபீஸ் பெயர் மாதிரி தெரிகிறது. நீங்கள்தானா?

அம்மா அப்பாவுக்கு என் தோத்திரம் சொல்.

உன் தம்பி
டேவிஸ்


மைசூரு
26 ஜனவரி 2025

அன்புள்ள டேவிக்கு,

கேரல் எழுதுவது. எல்லோரும் நலம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டிக்குப் போய் வருகிறார், படி இறங்கும்போதுதான் கடவுளைக் கூப்பிடுகிறார். அப்பாவிடம் மாற்றம் இல்லை. "டிப்ளமோ முடிச்சுட்டு சட்டி தூக்கறான். கேட்டா காண்ட்ராக்டாம்" என்று நேற்றும் பாதிரியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆமாம், அது எங்கள் கம்பெனியின் பேண்ட். உங்களுடையது போலப் பல தொழிற்சாலைகளிலிருந்து தரவு வருகிறது. உன் கையிலிருந்து உங்கள் வாசலில் உள்ள பெட்டிக்கு, அங்கிருந்து கிளவுடுக்கு. கிளவுட் என்றதும் அம்மா மேலே பார்த்தார். மேகமும் இல்லை, மோட்சமும் இல்லை, ஒரு பெரிய கட்டடம் நிறைய யாரோ வாடகைக்கு விடும் கம்ப்யூட்டர்கள், அவை சூடாகாமல் இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் என்றேன். "நம்ம தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி வருது கணே" என்றார் கன்னடம் கலந்து.

அந்தத் தரவு இரண்டு வழியில் போகிறது. வெப்பத்தில் வேலை செய்பவர்களின் இதயம் என்ன ஆகிறது என்று ஒரு பல்கலைக்கழகம் ஆராய்கிறது. அதே தரவை வைத்து ஒவ்வொரு ஆளுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டு உங்கள் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புகிறோம். மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் அந்த ஆளின் துடிப்பு என் திரைக்கு வரும். நான் பார்த்து 'உண்மை' அல்லது 'சென்சார் பழுது' என்று குறி போட வேண்டும். பெயர் தெரியாது. எண் மட்டும். அதுவும் பேண்டில் உள்ள எண் இல்லை, மாற்றிய எண்.

ஆனால் எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். இப்படிச் செய். அடுத்த திங்கள் சாப்பாட்டு இடைவேளையில் எங்காவது படி ஏறி ஓடு. நில். மறுபடி ஓடு. நில். இன்னொரு முறை ஓடு. அந்த நேரத்தில் சோறு தின்னாமல் இப்படி மூன்று தடவை துள்ளும் இதயம் ஒன்றுதான் இருக்கும். செய்யக் கூடாத காரியம் இது. எண்ணுக்குப் பின்னால் யார் என்று தேட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

தண்ணீர் நிறையக் குடி என்று அம்மா சொல்லச் சொன்னார்.

அன்புடன்
கேரல்


ஓசூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

ஓடினேன். தண்ணீர்த் தொட்டியின் இரும்புப் படியில். மூன்றாம் முறை ஏறும்போது கணேசன் வந்துவிட்டான். "ஏண்டா, சூடு மண்டைக்கு ஏறிருச்சா?" "காலு மரத்துப்போச்சு சார்." "மரத்துப்போனா நடப்பாங்க. எவன்டா மாடி ஏறுவான்?" கீழே மணல் மூட்டைமேல் உட்கார்ந்து ஜடையன் சிரித்துக்கொண்டிருந்தார். "உடுங்க சார், பையனுக்கு ஊர்ல பொண்ணு பாத்திருப்பாங்க. தொப்பையக் கொறைக்கறான்." எதிரே டீக்கடை வைத்திருக்கும் சென்னிமலை அன்றிலிருந்து என்னை 'தொட்டி' என்றுதான் கூப்பிடுகிறான். உன்னால் எனக்குக் கிடைத்த பட்டம்.

ஒன்று கேட்க வேண்டும். கணேசன் இப்போது காலையில் டேப்லெட்டைப் பார்த்துத்தான் ஆட்களைப் பிரிக்கிறான். மஞ்சள் வந்த இரண்டு பேரை யார்டு கூட்டப் போட்டான். அதற்கு அடுத்த வாரம் அவர்களைக் காணவில்லை. சிவப்பு வந்தால் என்ன செய்வார்கள்? உனக்குத் தெரியுமா?

ஜடையனுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டால் வயசு என்கிறார்.

எல்லோருக்கும் என் அன்பு.

டேவிஸ் என்கிற தொட்டி


மைசூரு
20 பிப்ரவரி 2025

என் அருமைத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகம் என்று நீ சொல்லத் தேவையில்லை. எனக்கே தெரியும்.

கண்டுபிடித்துவிட்டேன். மூன்று மேடு, நடுவில் இரண்டு பள்ளம். ஓடும்போது ஏறுகிறது, நின்றதும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை போல இறங்குகிறது. காலையில் காபி குடிப்பதற்கு முன் உன் எண்ணைத் திறந்து ஒரு பார்வை. அம்மாவிடம் 'நன்றாக இருக்கிறான்' என்று மட்டும் சொல்கிறேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்பதில்லை.

சிவப்பு வந்தால் இலகுவான வேலையும் மருத்துவச் சிகிச்சையும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நானே படித்தேன். யார்டு கூட்டியவர்கள் வேறு காரணத்துக்குப் போயிருப்பார்கள்.

இதைக் கேள். உங்கள் ஊற்றும் பகுதியிலேயே இன்னொரு எண் இருக்கிறது. பார்க்கவே பயமாக இருந்தது. துடிப்பில் ஒழுங்கே இல்லை. இரண்டு சேர்ந்து வரும், ஒன்று விட்டுப்போகும், உட்கார்ந்திருக்கும்போதும் ஓடுகிறவன் வேகம். மெஷின் பல தடவை சந்தேகப்பட்டு என்னிடம் அனுப்பியது. போன வாரம் 'உண்மை' என்று குறி போட்டேன். சிவப்பாகிவிட்டது. என் மேலதிகாரி சுரேந்தர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்த மனிதர் யாரென்று தெரியாது. யாரோ ஒருத்தியின் தம்பியைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு லீவு சொல்லி வை.

கேரல்


மே/பா சென்னிமலை டீ ஸ்டால்
ஓசூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள். பதில் எழுதத் தாமதம். கொஞ்சம் அலைச்சல்.

ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சி. வெளியே அறை பார்த்துக்கொண்டேன். இனி மேலே உள்ள விலாசத்துக்கு எழுது.

ஜடையன் இருக்கிறார். அவருக்கு இப்போது வேறு ஜோடி.

ஈஸ்டருக்கு வர முடியாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

உன் வேலையில் தப்பு எதுவும் இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

டேவிஸ்


மைசூரு
14 ஏப்ரல் 2025

டேவி,

நாங்கள் நலம். நீ நலமில்லை.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உன் துடிப்பு மாறிவிட்டது. முதலில் பேண்ட் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. முன்பு அந்த இன்னொரு எண்ணில் பார்த்தேனே, அதே மாதிரி. இரண்டு சேர்ந்து வருகிறது, ஒன்று விட்டுப்போகிறது. உனக்கு இருபத்து நாலு வயது. போனில் கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று வைத்துவிடுகிறாய். என் போனிலும் ஆபீஸ் ஆப் இருக்கிறது, அதில் இதைப் பேச முடியாது.

மெஷின் உன்னை இரண்டு தடவை என் திரைக்கு அனுப்பியது. இரண்டு தடவையும் 'சென்சார் பழுது' என்று போட்டேன். தெரிந்தே. அந்த மனிதருக்குச் சிகிச்சை தருவார்கள் என்று ஒப்பந்தத்தை நம்பினேன். உன் விஷயத்தில் அதே ஒப்பந்தத்தை நம்ப முடியவில்லை. ஏன் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவையும் பழுது என்று போட்டால் அது சுரேந்தரின் மேசைக்குப் போய்விடும்.

அந்தச் சிவப்பு எண் ஏப்ரலிலிருந்து வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் இருப்பார்.

நாளைக்கே டாக்டரிடம் போ. ஈசிஜி எடு. லேடிலைத் தொடாதே.

கேரல்


மைசூரு
22 ஏப்ரல் 2025

டேவி,

பதில் இல்லை. ஈஸ்டர் பூசையில் அம்மா உன் பெயருக்கு மெழுகுவத்தி வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன், ஜெபம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பையில் துணி வைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன்னிடமிருந்து ஒரு வரி வராவிட்டால் ஓசூர் பஸ் ஏறிவிடுவார்.

கேரல்


ஓசூர்
24 ஏப்ரல் 2025

அக்கா,

அம்மாவை அனுப்பாதே. என் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. நேற்று ஒரு லாரி வெங்காயம் இறக்கினேன். இந்தக் கடிதத்தை நாளை ஓசூரிலிருந்து மைசூரு வரும் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீ தினமும் காலையில் பார்த்தது என் எண்ணை அல்ல. ஜடையனுடைய எண்ணை.

பேண்ட் வந்த முதல் வாரமே அவருக்கு மஞ்சள் வந்தது. கணேசன் எல்லோர் முன்னாலும் "பெருசு, இன்னொரு மஞ்சள்னா மூட்டையக் கட்டிரு" என்றான். அன்று வியர்வை துடைக்கும் இரண்டு நிமிடத்தில் நான் என் பேண்டை அவரிடம் நீட்டினேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். மாற்றிக் கட்டிக்கொண்டோம். "ஏப்பா, மால மாத்தற மாதிரி இருக்குதே, உங்கக்காளுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லும்?" என்று சிரித்தார். கடைசி மணியில் மறுபடி மாற்றுவோம். கணேசனுக்கு நிறம்தான் தெரியும், ஆள் தெரியாது. நாலு நாள் செய்தால் அவர் பச்சையாகிவிடுவார், பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தோம். நிறுத்த முடியவில்லை.

தொட்டியில் ஏறிய அன்றும் என் கையில் இருந்தது அவருடையது. அப்போதுதான் துடைத்து முடித்திருந்தோம், இனி அடுத்த மணிக்குத்தான் மாற்ற முடியும். யோசித்தேன். எந்தப் பேண்டாக இருந்தால் என்ன, ஓடுவது என் நெஞ்சுதானே, அக்கா அதைப் பார்க்கட்டும் என்று ஓடினேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. இன்னொரு எண், பயமாக இருந்தது, 'உண்மை' என்று போட்டேன் என்று. சென்னிமலை கடையில் நின்று படித்தேன். அது என் எண். அவருடைய நெஞ்சு, என் எண்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என்னை மீட்டிருப்பாய், அவர் வெளியே போயிருப்பார். இன்னொன்றும் நினைத்தேன். சிவப்பு என்றால் டாக்டரிடம் அனுப்புவார்கள், டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவார், கதை முடிந்தது என்று. நீ ஒப்பந்தத்தில் படித்தாயே, அதை நானும் நம்பினேன்.

ஏப்ரல் முதல் தேதி கணேசன் வாசலிலேயே நிறுத்தினான். "உன் காண்ட்ராக்ட் வரல." "டாக்டர்ட்ட அனுப்பணும்னு இருக்கு இல்ல சார்?" "ஃபிட் இல்லாதவனுக்கு எதுக்குடா டாக்டரு?" அவ்வளவுதான். இன்னும் இரண்டு தொழிற்சாலைகளில் கேட்டேன். ஆதார் எண்ணைத் தட்டியதும் திரையைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள், பிறகு வேலை இல்லை என்கிறார்கள்.

நான் போன பிறகு ஜடையன் அவருடைய பேண்டையே கட்ட வேண்டியதாயிற்று. அதைத்தான் நீ ஏப்ரலில் பார்த்தாய். நீ எனக்காகப் போட்ட பொய்யில்தான் அவர் இன்னும் உள்ளே இருக்கிறார்.

அவரை ஒன்றும் செய்துவிடாதே.

டேவிஸ்


மைசூரு
2 மே 2025

டேவி,

அம்மா பையைப் பிரித்து வைத்துவிட்டார். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நான் இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்ளலாம். நல்ல எண்ணத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறோம். கம்பெனி மட்டும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. காண்ட்ராக்ட் வரவில்லை என்றது, வரவில்லைதான்.

ஜடையனின் எண் மூன்றாவது தடவையாக என் திரையில் நிற்கிறது. பழுது என்று போட்டால் சுரேந்தர் பார்ப்பார், அல்லது பார்க்காமல் விடுவார். விட்டால் ஜடையன் ஒரு நாள் லேடிலோடு விழுவார். மறுபக்கம் பிடித்திருக்கும் புது ஆளும் சேர்ந்து. உண்மை என்று போட்டால் வாசல். உண்மையைச் சொல்லாமல் உன் சிவப்பும் அழியாது. குறி போடாமல் இழுத்துப் பிடித்து இன்னும் பத்து நாள் வைக்கலாம், அதற்குமேல் முடியாது.

இதை நானும் முடிவு செய்யப் போவதில்லை, நீயும் செய்யாதே. அவரைக் கேள். தன் நெஞ்சு கெட்டிருக்கிறது என்று அவருக்கு யாராவது சொன்னீர்களா?

அம்மா இரண்டு விஷயம் சொன்னார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்க வேண்டுமாம். வந்திருந்தால் வால்வாக இருக்கலாம், இங்கே அரசு இருதய ஆஸ்பத்திரியில் சரிசெய்ய முடியும், அங்கே கூடப் படித்த சிஸ்டர் இருக்கிறார். இரண்டாவது, அதுவரை அவர் லேடில் தூக்கக் கூடாது. ஊரில் சாவு என்று லீவு போடச் சொல்.

கேரல்


ஓசூர்
8 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெங்காயம் போய் இப்போது சிமெண்ட் மூட்டை.

ஜடையனிடம் சென்னிமலை கடையில் உட்கார்ந்து சொன்னேன். முழுக்கக் கேட்டார். டீ ஆறிப்போயிற்று.

"எனக்கு நெஞ்சு கெட்டிருக்குதுன்னு உங்கக்கா எப்பக் கண்டுபுடிச்சுது?"

"பிப்ரவரில."

"கம்பெனிக்கு?"

"அப்பவே. ஆனா என் எண்ணுல."

"அந்த மேகத்துக்கு?"

"ஜனவரியிலயே."

"அப்ப ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது. எனக்கு இன்னைக்குத்தான் சொல்றீங்க."

சென்னிமலை கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இல்லீங்ணா, எனக்கும் தெரியாது" என்றான். ஜடையன் சிரித்தார். அப்புறம் மூட்டுக் காய்ச்சலைக் கேட்டேன். பள்ளிக்கூடம் நின்றதே அதனால்தானாம். இரண்டு முழங்காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போய், மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் வேண்டிக்கொண்டார்களாம்.

"செவப்பே போடச் சொல்லு கண்ணு" என்றார். "ஆனா எம்பட நம்பர்ல போடச் சொல்லு. உம்பட நம்பர்லிருந்து அத அழிக்கச் சொல்லு."

"வேலை போயிருமே."

"போனாப் போவுது. கெட்டது என் நெஞ்சு, நீ எதுக்கு வெங்காயம் தூக்கற? எனக்கு அதான் தூக்கம் வரல."

லீவு போட்டுவிட்டார். யார் சாவு என்று கணேசன் கேட்டானாம். தம்பி என்றாராம். அவருக்குத் தம்பி கிடையாது. "எங்காயா பெக்காத தம்பி. அவனுக்குக் கருமாதி வரைக்கும் லீவு" என்கிறார்.

திங்களன்று அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவிடம் சொல். அப்பாவிடமும் நீயே சொல்லிவிடு.

டேவிஸ்


மைசூரு
30 ஜூன் 2025

அன்புள்ள டேவிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நீ ஓசூரில் மிச்சமுள்ள சாமானை எடுக்கப் போன பிறகு நடந்ததையும், உன்னிடம் நேரில் சொல்லாததையும் எழுதுகிறேன். போனில் பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஜடையனை நேற்று டிஸ்சார்ஜ் செய்தார்கள். சுருங்கியிருந்த வால்வைப் பலூன் வைத்து விரித்திருக்கிறார்கள். கட்டில் பக்கத்தில் இருந்த மானிட்டரைக் காட்டி அம்மாவிடம், "சிஸ்டர், இதுவும் மேலதான் போகுதுங்களா?" என்று கேட்டார். "இது இந்த ரூமைத் தாண்டாது" என்றார் அம்மா. அதன்பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார். அப்பா தினமும் பழம் வாங்கிக்கொண்டு போனார். உன்னைப் பற்றி இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. 'சட்டி தூக்கறான்' என்று அப்பா இப்போது சொல்வதில்லை.

இனி ஆபீஸ். அவர் சொன்னபடி அவர் எண்ணில் 'உண்மை' என்று போட்டேன். பேண்ட் மாறியதையும், உன் எண்ணில் நான் போட்ட குறி உன்னுடைய இதயத்துக்கு இல்லை என்பதையும், இரண்டு தடவை நான் தெரிந்தே தப்பாகப் போட்டதையும் எழுதி சுரேந்தரிடம் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. பொறுமையாகப் படித்தார். "டேட்டா கலப்படமாயிடுச்சு" என்றார். ஒரு மணி நேரத்தில் உங்கள் இருவரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"சிவப்பு?" என்று கேட்டேன். "அது வாடிக்கையாளருக்கு அனுப்பியாச்சு. அவங்க வேற காண்ட்ராக்டர்களுக்கு அனுப்பியிருப்பாங்க. அனுப்பினதைத் திருப்பி எடுக்க நம்மகிட்ட வழி இல்லை." டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் என்றேன். "அதை ஏத்தறதுக்கு சிஸ்டத்துல இடமே இல்லையே கேரல்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஜடையனுக்கும் காண்ட்ராக்ட் வரவில்லை. அது உனக்குத் தெரியும்.

ஆராய்ச்சியின் முதல் முடிவு போன வாரம் வந்தது. உலைப் பக்கத்தில் தொடர்ந்து வேலை செய்பவர்களின் இதயங்கள் எதிர்பார்த்ததைவிட ஆரோக்கியமாக இருக்கின்றனவாம். இருக்காதா? நோயாளிகளையெல்லாம் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு, உள்ளே மிஞ்சியவர்களை அளக்கிறார்கள். கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார்கள்.

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது காற்றாலைகளைப் பார்க்கிறேன். அதற்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு உண்டு. ஒரு காற்றாலையின் பேரிங் லேசாக மஞ்சளானால் மறுநாளே வண்டியில் உதிரிபாகத்தோடு இன்ஜினியர் போகிறான். சிவப்பானால் அதைச் சும்மா நிறுத்தி வைத்துக் குணமாகும்வரை காத்திருக்கிறார்கள். யாரும் அதை வாசலுக்கு வெளியே தள்ளுவதில்லை.

வேறு இடம் தேடுகிறேன். நீ வந்ததும் பேசலாம்.

கேரல்


நஞ்சன்கூடு
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்துக்கு ஒருவன் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் அம்மா ஊட்டுவதிலும் அப்பா அறிவுரை சொல்வதிலும் பேச நேரம் கிடைப்பதில்லை. எல்லோரும் நலம் என்று எனக்குத் தெரியும். முறைக்காகக் கேட்கிறேன்.

குடோனில் வேலை நிரந்தரம் இல்லை, ஆனால் ஆதாரைத் தட்டிப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். வா என்றார்கள். இப்படி வேலைக்கு எடுக்கும் இடம் இன்னும் ஒன்று இருக்கிறது என்பதே ஆச்சரியம்.

ஜடையன் மலைக் கடையிலிருந்து பேசினார். மனைவி அவரைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறாராம், கற்பூரக் கட்டைக்கூடத் தூக்க விடுவதில்லையாம். "இங்கயும் சூப்பர்வைசர்தான் கண்ணு. டேப்லெட் இல்ல, அதுதான் வித்தியாசம்" என்றார். படி ஏறினால் இப்போது மூச்சு வாங்குவதில்லையாம். கடைக்கு வா, மோர் தருகிறேன் என்றார். வேலை போனதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

என்கூட இங்கே வேலை செய்கிற மஞ்சுநாத்துக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டால் ஒன்றுமில்லை. நன்றாக வேலை செய்வான். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நேற்று மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். தீபாவளிக்கு முன்னால் குடோன் ஆட்கள் அனைவருக்கும் கையில் கட்ட ஒரு பேண்ட் வருகிறதாம். உங்கள் ஆபீஸா வேறு ஆபீஸா என்று தெரியவில்லை. நம் பாதுகாப்புக்காகத்தானாம். கழற்றினால் அலறுமாம். வியர்வை துடைக்க இரண்டு நிமிடம் தருவார்களாம்.

மஞ்சுநாத் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

டேவிஸ்